மதிப்புரை நோட்டா, வட்டமாக உட்கார்ந்து பேசுவதா: பள்ளி வாசிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘நூல் மதிப்புரை’ என்று சொல்லிப் பாருங்கள். மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள்: நூலின் தலைப்பு, மையப்பொருள், மொழிநடை, வெளிப்படுத்தும் கருத்து, நூலின் நயம், நூல் கட்டமைப்பு, சிறப்புக்கூறு, நூல் ஆசிரியர். எட்டுத் தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி. அந்த இரண்டு வரியும் கைடில் இருக்கிறது. புத்தகத்தைப் பார்க்காமலேயே முழு மதிப்புரையும் எழுதிவிடலாம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஆறு முதல் எட்டு வரை தமிழ் எடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு காலாண்டு விடுமுறை முடிந்து 41 மதிப்புரை நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். இருபதுக்கும் மேற்பட்ட நோட்டுகளில் ஒரே வாக்கியம்: ‘இந்நூலின் மொழிநடை எளிமையாகவும் இனிமையாகவும் உள்ளது.’ எல்லாவற்றிலும் அழகாக எழுதியிருந்த பையனைக் கூப்பிட்டு, அந்தக் கதையில் உனக்கு எந்த இடம் பிடித்தது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். அவன் அந்தப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் புத்தகம் எங்களிடம் மூன்று பிரதிதான் இருந்தது. மூன்றும் பூட்டிய பீரோவுக்குள். படிக்கக் கொடுக்காமல் எழுதச் சொன்னது நான்தான்.

தனியார் பள்ளிகளிலும் கதை இதேதான், காகிதம் மட்டும் உயர்ந்த ரகம். கோடை விடுமுறைக்கு ‘புக் ரிவியூ’ கொடுப்பார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு அம்மாவும் அக்காவும் இணையத்தில் தேடி, சார்ட் பேப்பரில் ஒட்டி, ஓரத்தில் ஜிகினா வைத்து அனுப்புவார்கள்.

இதை வைத்து மதிப்புரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசைதான் தலைகீழாகக் கிடக்கிறது. பிள்ளை முதலில் படிக்க வேண்டும், பிறகு பேச வேண்டும், அப்புறம்தான் எழுத வேண்டும். நடுவில் உள்ள பேச்சை நாம் பிடுங்கிவிட்டோம். அதைத் திருப்பி வைப்பது எப்படி என்று, நான் செய்து தவறி, திருத்திக்கொண்ட முறையைப் படிப்படியாக எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, தெருவில் மாலை வகுப்பு எடுக்கிறவர்களுக்கும் படிப்பகத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

பேசிப் படிப்பது புதிதா?

இல்லவே இல்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே மாணவன் எப்படிப் படிக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறார். கேட்டதை நினைத்துப் பார்ப்பது, உடன் படிக்கிறவர்களோடு பழகிப் பயில்வது, வினாதல், வினாயவை விடுத்தல், அதாவது கேள்வி கேட்பதும் கேட்ட கேள்விக்கு விடை சொல்வதும் எல்லாம் அதில் உண்டு. அதோடு ஒரு கணக்கும் சொல்கிறார். ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்கு புலமைதான் வரும். உடன் பயில்கிறவர்களோடு சேர்ந்து பயின்றால் இன்னொரு கால். மீதி அரை, தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். நாம் நடத்துவதெல்லாம் அந்த முதல் கால் பங்கைத்தான்.

இந்தக் காலத்து ஆய்வுகளும் இதை ஒட்டியே வருகின்றன. பி. காரன் மர்ஃபியும் உடன் ஆய்வாளர்களும் வகுப்பறைக் கலந்துரையாடல் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். பல முறைகளில் பிள்ளைகளின் பேச்சும் கூடியது, வாசித்துப் புரிந்துகொள்வதும் கூடியது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பலன் அதிகம். ஆனால் அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தருகிறது: பேச்சு கூடியதாலேயே புரிதல் கூடிவிடாது. சந்தைக்கடை மாதிரி எல்லோரும் கத்தினால் அது கலந்துரையாடல் ஆகாது.

எழுத்தின் பக்கம் நிற்கும் ஆய்வும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. ஸ்டீவ் கிரகாம், மைக்கேல் ஹெபர்ட் இருவரும் 2010-இல் வெளியிட்ட அறிக்கை, படித்ததைப் பற்றி எழுதுவது புரிதலை வளர்க்கிறது என்று காட்டுகிறது. சுருக்கி எழுதுவது, குறிப்பெடுப்பது, தன் கருத்தை எழுதுவது எல்லாமே பலன் தருகின்றன. ஆனால் இதெல்லாம் படித்த பிள்ளை எழுதும் எழுத்து. கைடைப் பார்த்து எழுதும் எட்டுத் தலைப்புக்கு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

ஒரு வடையை வைத்துப் பார்ப்போம்

முறைகளுக்குப் போவதற்கு முன் ஒரு வகுப்பைச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பு. புதுக் கதை எதுவும் கையில் இல்லாத ஒரு நாள், பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்தேன். ஒரு சின்னப் படப் புத்தகத்தில் இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், இது எல்கேஜி கதை மிஸ் என்றார்கள்.

கதையின் கருத்து என்ன என்று கேட்டிருந்தால் வகுப்பு ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ‘புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது.’ அன்றைக்கு அதைக் கேட்காமல், இந்தக் கதையில் உங்களுக்கு இடிக்கிற இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பெண் கேட்டாள், “அந்த ஆயாவோட வடை போச்சே மிஸ், அதுக்கு யாரு காசு குடுப்பா?” அவளுடைய ஆயா கல்மண்டபம் பக்கம் கூடையில் மீன் விற்கிறவர். ஒரு மீன் போனால் ஒரு நாள் லாபம் போகும் என்று அவளுக்குத் தெரியும். நான் இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்த கதையில் வடையைப் பறிகொடுத்த அந்தக் கிழவியை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அணை உடைந்த மாதிரிதான். “காக்கா திருடினதத்தான் நரி திருடுச்சு. அப்போ நரி மட்டும் எப்படிக் கெட்டவன்?” என்றான் ஒருவன். “காக்காவுக்குப் பசிச்சிருக்கும்” என்று ஒருத்தி பரிந்து பேசினாள். உடனே இன்னொருவன் புத்தகத்தை இழுத்துப் பார்த்து, “பசின்னு எங்கேயும் போடல” என்றான். கவனியுங்கள், நான் சொல்லாமலேயே அவன் புத்தகத்துக்குத் திரும்பிப் போனான். கடைசியில் பின் பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது: “இதுக்கு ஏன் காக்கா நரி கதைன்னு பேரு? ஆயா கதைன்னு ஏன் வெக்கல?”

இப்போது அந்த எட்டுத் தலைப்பை எடுத்து வைத்துப் பாருங்கள். தலைப்பு, மையப்பொருள், கட்டமைப்பு மூன்றையும் பிள்ளைகள் பெயர் தெரியாமலேயே தொட்டுவிட்டார்கள். அன்றைக்கு எழுதச் சொல்லியிருந்தால் ஒவ்வொரு நோட்டிலும் ஒவ்வொரு மதிப்புரை இருந்திருக்கும். நான் எழுதச் சொல்லவில்லை. அது என் தவறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: பேச இடம் கொடுக்கும் கதையை எடுங்கள்

நல்ல கதை எல்லாமே பேசுவதற்கு ஏற்ற கதை அல்ல. நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். கதையில் யாராவது ஒருவர் இதுவா அதுவா என்று முடிவெடுக்கிறாரா? ஆசிரியர் சொல்லாமல் விட்ட இடம் ஏதாவது இருக்கிறதா? இரண்டும் இருந்தால் எடுக்கலாம். கடைசிப் பத்தியில் நீதியை அச்சடித்துத் தரும் கதைகளை ஒதுக்கிவிடுங்கள், அல்லது அந்தக் கடைசிப் பத்தியை மடித்து வைத்துவிட்டுப் படியுங்கள்.

நீளம் நாலு முதல் எட்டுப் பக்கம் போதும். ஒரே பாடவேளையில் படித்து, அதே நாளில் பேச வேண்டும். ‘வீட்டில் படித்துவிட்டு வா’ என்பது எங்கள் பகுதியில் நடக்காது. ஒரே அறையில் ஐந்து பேர், டிவி ஓடும், தண்ணீர் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

எங்கே தேடுவது? அரசுப் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித்துறையின் இதழ்கள் வருகின்றன. நாலு, ஐந்து வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’, ஆறு முதல் ஒன்பது வரை ‘தேன்சிட்டு’. வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு நிலைகளில் இருக்கின்றன. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஏழாம் வகுப்பிலேயே ‘நட’ நிலையில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை இருப்பான். மதிப்புரை எழுதச் சொன்னால் அவன் முதல் வரியிலேயே தோற்றுவிடுகிறான். கதையை நீங்கள் உரக்கப் படித்துவிட்டுப் பேசச் சொன்னால், யோசிப்பதில் அவன் யாருக்கும் குறைந்தவன் இல்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பேச்சுக்காக நான் இவ்வளவு வாதாடுவதற்கு முக்கியமான காரணம் அந்தப் பிள்ளைதான்.

பிரதி போதவில்லை என்று நிற்காதீர்கள். ஒரே பிரதி இருந்தால் உரக்கப் படியுங்கள். நாலு பிரதி இருந்தால் குழுவுக்கு ஒன்று. பீரோ சாவி மட்டும் உங்கள் கையிலோ வகுப்புத் தலைவன் கையிலோ இருக்கட்டும். புத்தகம் கிழியும், ஒன்றிரண்டு தொலையும். பூட்டி வைத்த புத்தகத்தைக் கறையான் தின்பதற்கு அது எவ்வளவோ மேல்.

இரண்டாம் படி: படிக்கும்போதே ஒரு சீட்டு

படித்து முடித்துவிட்டு ‘என்ன தோன்றியது?’ என்றால் பாதிப் பேருக்கு மறந்திருக்கும். அதனால் படிக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் பென்சில் வைக்க முடியாது. நாங்கள் தினசரி நாள்காட்டித் தாளைச் சேர்த்து வைக்கிறோம். கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், அளவும் கச்சிதம்.

சீட்டில் மூன்றே குறி. பிடித்த இடத்துக்கு நட்சத்திரம், புரியாத இடத்துக்குக் கேள்விக்குறி, வேறு எதையாவது நினைவுபடுத்திய இடத்துக்கு ஒரு கோடு. பக்கத்தில் ஓரிரு சொல் எழுதினால் போதும், வாக்கியம் வேண்டாம். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்தது, புரியாதது, ஒன்றோடொன்று தொடர்புள்ளது ஆகிய மூன்றையும் பகிர்ந்துகொள்வதுதான் புத்தகப் பேச்சு என்று இங்கிலாந்தின் சிறுவர் எழுத்தாளர் ஏய்டன் சேம்பர்ஸ் ஆசிரியர்களுக்கு எழுதியிருக்கிறார். இந்த மூன்று குறியும் அந்த மூன்று பகிர்வுதான்.

இதில் கேள்விக்குறியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மதிப்புரையில் ‘எனக்குப் புரியவில்லை’ என்று எழுத இடமே இல்லை. பிள்ளை எல்லாம் புரிந்த மாதிரி நடிக்க வேண்டியிருக்கிறது. சீட்டில் கேள்விக்குறியே இல்லாவிட்டால் அவன் சரியாகப் படிக்கவில்லை என்று நான் சொல்ல ஆரம்பித்த பிறகு, புரியாததைச் சொல்ல வெட்கப்படுவது குறைந்தது.

மூன்றாம் படி: உள்வட்டம், வெளிவட்டம்

நாற்பது பேர் ஒரே வட்டமாக உட்கார்ந்தால் எட்டுப் பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். பத்துப் பத்துப் பேராகப் பிரித்தால் நாலு இடத்திலும் நீங்கள் இருக்க முடியாது. எனக்குக் கை கொடுத்தது இரட்டை வட்டம்.

பத்துப் பேர் உள்ளே, தரையில். மற்றவர்கள் சுற்றி, பெஞ்சிலோ நின்றுகொண்டோ. உள்ளே இருப்பவர்கள் பேசுவார்கள். வெளியே இருக்கும் ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு ஆளை ஒதுக்கிவிடுங்கள். அவர் சொன்னதில் தனக்கு மிகவும் பிடித்த ஒன்றைக் கேட்டுச் சொல்வது இவர் வேலை. அடுத்த வாரம் வேறு பத்துப் பேர். நாலு வாரத்தில் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். பெஞ்சு தரையோடு ஆணி அடித்திருந்தால் வராந்தாவுக்குப் போங்கள். எங்களுக்கு அங்கே கன்டெய்னர் லாரி சத்தம். ஹாரன் அடிக்கும்போது நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கக் கற்றுக்கொண்டோம்.

நேரக் கணக்கு 40 நிமிடப் பாடவேளைக்கு இப்படி: படிக்க 12, சீட்டுக்கு 3, உள்வட்டத்துக்கு 12, வெளிவட்டம் சொல்ல 5, எழுத 8. கதை நீளம் என்றால் இரண்டு பாடவேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எழுதும் எட்டு நிமிடத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: கேட்டுவிட்டு வாயை மூடுங்கள்

மொத்த முறையும் இங்கேதான் நிற்கும் அல்லது விழும்.

பதில் உங்களுக்கே தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். ‘நரி காகத்திடம் என்ன கேட்டது?’ என்பது தேர்வு. ‘எந்த இடம் இடித்தது?’, ‘நீ அங்கே இருந்திருந்தால்?’, ‘இதை எழுதினவர் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்?’ என்பவை பேச்சுக்கான கேள்விகள். ஒரு வகுப்புக்கு இரண்டு கேள்வி போதும். பத்துக் கேள்வி எழுதிக்கொண்டு போனால் பத்தையும் கேட்டு முடிப்பதிலேயே நம் கவனம் இருக்கும்.

கேட்ட பிறகு காத்திருங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். மூன்று விநாடிதானே என்று நினைப்பீர்கள். வகுப்பில் நின்று பார்த்தால் அது ஒரு யுகம். நான் மனசுக்குள் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று மெதுவாக எண்ணுவேன்.

பதில் வந்ததும் ‘சபாஷ்’ சொல்லாதீர்கள். கேட்க வித்தியாசமாக இருக்கும், ஆனால் செய்து பாருங்கள். நாம் ‘சரி, வெரிகுட்’ என்றால் கேள்வி முடிந்துவிட்டது என்று மற்றவர்கள் கையை இறக்கிவிடுவார்கள். அதற்குப் பதில் இரண்டே வாக்கியம் வைத்திருக்கிறேன். ‘எந்த வரியில் உனக்கு அப்படித் தோன்றியது?’ என்பது ஒன்று. ‘இதை வேறு மாதிரி நினைக்கிறவர் யாராவது?’ என்பது மற்றொன்று. முதல் வாக்கியம் பிள்ளையைப் புத்தகத்துக்குத் திருப்பி அனுப்பும். இரண்டாவது, பேச்சை என்னிடமிருந்து அடுத்த பிள்ளைக்குத் தள்ளும்.

இன்னொரு பள்ளம், பட்டிமன்றம். நம் ஊரில் நாலு பேர் பேச உட்கார்ந்தாலே இரண்டு அணி பிரிந்துவிடும், நடுவர் தீர்ப்புக்குக் காத்திருக்கும். ‘குற்றவாளி காகமா, நரியா?’ என்று நான் ஒருமுறை தலைப்பு வைத்தேன். குரல் நன்றாக எழும்பியது, கைதட்டல் பறந்தது, ஆனால் ஒருவன்கூடத் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொண்டால் அணிக்குத் துரோகம் அல்லவா? பட்டிமன்றத்தை ஆண்டு விழாவில் வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பு வட்டத்தில் மனசு மாறுகிறவனுக்குத்தான் மரியாதை.

ஐந்தாம் படி: புளியங்கொட்டையும் பேச்சுத் தமிழும்

அதிகம் பேசுகிற பிள்ளையை அடக்காமல், பேசாத பிள்ளையைக் குத்திக் கிளப்பாமல் இருவரையும் சமன் செய்ய எங்களுக்கு உதவுவது புளியங்கொட்டை. உள்வட்டத்தில் ஆளுக்கு மூன்று. பேசும்போது ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்தால் கேட்க மட்டும் செய்யலாம். கொட்டை மீதி இருக்கிறவர்களைப் பார்த்து மற்றவர்களே ‘நீ சொல்லுடா’ என்பார்கள். ‘அவன் சொன்னதுதான் எனக்கும்’ என்று ஒரு கொட்டை வைத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் நீளும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பேசும்போது தமிழைத் திருத்தாதீர்கள். எங்கள் பிள்ளைகள் பேசுவது வடசென்னைத் தமிழ். சினிமாவில் அதைக் கேட்டு ஊரே சிரிக்கிறது, வேறு பகுதிக்குப் போனால் அந்தப் பேச்சை வைத்தே அவர்களை எடை போடுகிறார்கள். நான் முதல் வருடம் ஒரு பையன் வாயெடுத்ததும் “‘இன்னா’ இல்லைப்பா, ‘என்ன’ என்று சொல்” என்று திருத்தினேன். நல்ல எண்ணத்தில்தான். அவன் அந்தப் பருவம் முழுக்க வாயே திறக்கவில்லை. அவன் என்ன சொல்ல வந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுத்துத் தமிழ் கண்டிப்பாக வேண்டும், அதைத் தர வேண்டியது என் கடமை. அதற்கு எழுதும் நேரம் இருக்கிறது. யோசனை பிறக்கும் நேரத்தில் குறுக்கே நிற்கக் கூடாது.

அதே போல, கோடு போட்ட இடத்தை, அதாவது நினைவு வந்ததை, சொல்லியே ஆக வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பா, குடித்துவிட்டு வரும் மாமா என்று சில நினைவுகள் கதை வழியாகச் சட்டென்று மேலே வந்துவிடும். ‘நான் இதைத் தாண்டிக்கொள்கிறேன்’ என்று சொல்லும் உரிமையை முதல் நாளே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். யாராவது அழுதால் வட்டத்தைத் தொடரவிட்டு அந்தப் பிள்ளையோடு கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அங்கே கேள்வி எதுவும் வேண்டாம்.

ஆறாம் படி: இப்போது எழுதட்டும்

வடைக் கதை நாளில் நான் செய்த தவறு இதுதான். அவ்வளவு அருமையாகப் பேசிவிட்டு மணி அடித்ததும் கலைந்துவிட்டோம். அடுத்த வாரம் கேட்டால் பாதிப் பேருக்கு மறுபடி ‘புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது’தான் நினைவிருந்தது. பேசினது பிடிபட வேண்டுமென்றால் எழுத்து வேண்டும்.

ஆனால் எட்டுத் தலைப்போடு தொடங்காதீர்கள். முதல் மாதம் இரண்டே வாக்கியம்: ‘பேசுவதற்கு முன் நான் இப்படி நினைத்தேன். இப்போது இப்படி நினைக்கிறேன், ஏனென்றால்...’ மனசு மாறாதவர்கள் ஏன் மாறவில்லை என்று எழுதலாம். இந்த ‘ஏனென்றால்’ தான் மதிப்புரையின் விதை.

இரண்டாம் மாதம், அடுத்து இந்தப் புத்தகத்தை எடுக்கப் போகிற பிள்ளைக்கு ஒரு கடிதம். எட்டு வரி. முடிவைச் சொல்லக் கூடாது, எந்தப் பக்கத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதைப் புத்தகத்தின் பின் அட்டைக்குள் ஒட்டிவிடுகிறோம். ஆசிரியர் மட்டும் படிக்கப் போகும் எழுத்துக்கும், இன்னொரு பிள்ளை படிக்கப் போகும் எழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அப்போது பார்ப்பீர்கள். கையெழுத்தே மாறும்.

மூன்றாம் மாதம்தான் எட்டுத் தலைப்பு. பேசிய கதையையே எடுத்துக்கொண்டு கரும்பலகையில் தலைப்புகளை எழுதி, வட்டத்தில் யார் சொன்னது எந்தத் தலைப்பில் சேரும் என்று கேளுங்கள். ‘ஆயா கதைன்னு ஏன் வெக்கல’ என்பது தலைப்பின் கீழ். ‘பசின்னு எங்கேயும் போடல’ என்பது ஆசிரியர் சொல்லாமல் விட்டது, அது கட்டமைப்பின் கீழ். மொழிநடைக்கு, உரக்கப் படித்தபோது நாக்கில் நின்ற ஒரு வாக்கியத்தைத் தேடி எடுத்து எழுதச் சொல்லுங்கள். ‘எளிமை, இனிமை’ இரண்டு சொல்லுக்கும் தடை. தேர்வுக்குத் தேவையான வடிவமும் இதில் வந்துவிடுகிறது, கைடு இல்லாமல். எழுத்துத் தமிழைத் திருத்துவதும் இப்போதுதான்: ‘வெக்கல’ ஏன் ‘வைக்கவில்லை’ ஆகிறது என்று அவர்கள் வாக்கியத்தை வைத்தே காட்டுங்கள்.

எழுத்து முதலில் வர வேண்டிய இடங்களும் உண்டு. ஆளுக்கொரு புத்தகம் படிக்கும்போது கூடிப் பேசப் பொதுவான கதை இருக்காது, அங்கே சின்ன மதிப்புரைதான் வழி. கூட்டத்தில் பேசவே முடியாத பிள்ளை சீட்டில் எழுதித் தரட்டும், அதை வட்டத்தில் வேறொருவர் படிக்கலாம். ஒன்பது, பத்தில் நீண்ட நாவல் எடுத்தால் அத்தியாயத்துக்கு மூன்று வரிக் குறிப்பு இல்லாமல் பேச்சு நிற்காது.

ஏழாம் படி: தலைமையாசிரியரும் மதிப்பெண்ணும்

“நோட்டு எங்கே?” என்று கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள். பேச்சுக்கு ஆதாரம் வேண்டும். நான் ஒரு நீள நோட்டில் வாரத்துக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். தேதி, கதை, உள்வட்டப் பெயர்கள், ஒவ்வொருவரும் சொன்னதில் ஒரு வரி. எழுதுவது நான் இல்லை, வெளிவட்டத்தில் இருவர். அதோடு சீட்டுகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டால் பார்வைக்கு வருகிறவருக்கு அதுவே போதும்.

மதிப்பெண் போட வேண்டியிருந்தால் எத்தனை முறை பேசினான் என்று எண்ணாதீர்கள். புத்தகத்தில் ஓர் இடத்தைக் காட்டினானா, மற்றவர் சொன்னதை எடுத்து மேலே பேசினானா, எழுதும்போது காரணம் சொன்னானா என்று மூன்றைப் பாருங்கள்.

முதல் இரண்டு மூன்று வாரம் சரியாக வராது. அமைதியாக இருப்பார்கள், அல்லது உங்கள் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். நான் வட்டத்துக்கு வெளியே, பேசுகிறவனுக்கு முதுகுப் பக்கமாகப் போய் உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசினார்கள்.

கடைசியாக, வீடு

பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார், “படிக்காம பேசிக்கிட்டே இருக்காங்களாமே டீச்சர்?” நியாயமான கேள்வி. அவர் ஐந்தாவதோடு நிறுத்தியவர், மகளாவது எழுதிப் படித்து மேலே வர வேண்டும் என்று நினைக்கிறவர். நான் விளக்கம் சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டு, அந்த வாரக் கதையை அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள். அம்மா நடுவில் நிறுத்தி, “அந்தப் பொண்ணு ஏன் வூட்ட வுட்டுப் போனா?” என்று கேட்டார். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே படி இறங்கிப் போனார்கள்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சீட்டை வீட்டுக்கு அனுப்புகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவிடமும் இறால் உரித்துக்கொண்டிருக்கும் அத்தையிடமும் கதையைச் சொல்லலாம், அவர்களிடம் மூன்றே கேள்வி கேட்கலாம்: எது பிடித்தது, எது புரியவில்லை, எது நினைவு வந்தது. அவர்கள் சொன்னதில் ஒரு வரியைச் சீட்டின் ஓரத்தில், அவர்கள் சொன்ன மாதிரியே எழுதி வர வேண்டும். திங்கட்கிழமை உள்வட்டத்தை அந்த ஒரு வரியைப் படித்துத் தொடங்குங்கள்.